போதைக் காளான் மனச்சோர்வுக்கு மருந்தாகுமா?

கேள்வி இதுதான்: "என் அண்ணனுக்குச் சில வருடங்களாக மனச்சோர்வு. மூன்று மாத்திரை மாற்றிப் பார்த்தாயிற்று, பெரிதாகத் தேறவில்லை. போதைக் காளானில் இருக்கும் பொருளை ஒரே ஒரு தடவை கொடுத்து வெளிநாட்டில் குணப்படுத்துகிறார்கள் என்று யூடியூபில் பார்த்துவிட்டு, கொடைக்கானல் போய்வரலாமா என்று கேட்கிறான். இதில் எவ்வளவு உண்மை?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் வேண்டாம். இப்போது சாப்பிடும் மாத்திரையை அவராக நிறுத்தவும் வேண்டாம். ஏன் என்று பின்னால் வருகிறேன். மற்றபடி உங்கள் அண்ணன் பார்த்தது முழுக்கப் புரளி இல்லை. உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் வந்த ஆய்வுகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகள் காட்டுவதற்கும் யூடியூபில் சொல்வதற்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு.

காளானில் இருக்கும் பொருளின் பெயர் சைலோசைபின். உடலுக்குள் போனதும் அதிலுள்ள பாஸ்பேட் கழன்று சைலோசின் ஆகிறது. வேலை செய்வது அதுதான். இது டிரிப்டமைன் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மூளையில் இயல்பாகவே இருக்கும் செரோடோனினும் அதே குடும்பம். அதன் வேதிப்பெயரே 5-ஹைட்ராக்சி டிரிப்டமைன். உருவ ஒற்றுமை இவ்வளவு இருப்பதால், செரோடோனின் போய் ஒட்டும் ஏற்பிகளில் சைலோசினும் ஒட்டிக்கொள்கிறது. காட்சிகள் மாறுவது, காலம் நின்றதுபோல் தோன்றுவது, 'நான்' என்ற உணர்வு கரைவது எல்லாம் பெரும்பாலும் 5-எச்.டி.2ஏ என்ற ஓர் ஏற்பியின் வழியாக நடக்கின்றன. கீட்டான்செரின் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்து அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் சைலோசைபின் கொடுத்தாலும் மாயத்தோற்றங்கள் வருவதில்லை என்று 1998-இல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமேசான் காடுகளின் அயவாஸ்கா பானத்தில் இருக்கும் டி.எம்.டி.யும் டிரிப்டமைன்தான். மயக்க மருந்தான கீட்டமினும், 'எக்ஸ்டசி' என்ற போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ.வும் இந்தக் குடும்பம் இல்லை. காணொளிகளில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மெக்சிகோவின் ஒஹாகா மலைகளில் மசாடெக் மக்கள் நோயின் காரணம் அறியவும் குணப்படுத்தவும் இரவுச் சடங்குகளில் இந்தக் காளானைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1955-இல் கார்டன் வாசன் என்ற நியூயார்க் வங்கி அதிகாரி, மரியா சபீனா என்ற மசாடெக் வைத்தியப் பெண் நடத்திய சடங்கில் கலந்துகொண்டு, 1957-இல் 'லைஃப்' இதழில் அதைப் பற்றி எழுதினார். காளான் மாதிரிகள் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்றப் பொருளைக் கண்டுபிடித்திருந்த ஆல்பர்ட் ஹாஃப்மன், உலர்ந்த காளான் 32-ஐத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். 1958-இல் அதிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962-இல் அவர் மாத்திரைகளோடு மெக்சிகோ போய் மரியா சபீனாவிடமே கொடுக்க, காளானின் அதே சக்தி இதிலும் இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னாராம். வேதியியலில் இதைவிட நல்ல சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்! மரியா சபீனாவுக்கு மிஞ்சியது என்னவோ கஷ்டம்தான். கட்டுரையைப் படித்துவிட்டு வெளியூர் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள், போலீஸ் தொல்லை வந்தது, ஊரார் வெறுத்தார்கள், அவர் வீட்டையும் எரித்தார்கள்.

அறுபதுகளில் ஆய்வுகள் நடந்தன. ஹிப்பி அலையில் சிக்கிப் பெயரும் கெட்டது. 1971-இல் ஐ.நா. ஒப்பந்தம் சைலோசைபினையும் டி.எம்.டி.யையும் மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் இதைத் தொட்ட ஆய்வாளர்கள் ஒரு சிலர்தான். 2006-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு வெளியிட்ட ஆய்வோடு கதவு மறுபடி திறந்தது.

இனி எண்களுக்கு வருவோம். சொல்ல வேண்டிய விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

2016-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ் குழு, வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 12 பேருக்குச் சைலோசைபின் கொடுத்தது. பெரும்பாலானவர்களுக்கு நல்ல முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. என்ன கொடுக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 51 புற்றுநோயாளிகளிடமும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 பேரிடமும் சோதித்து, மரண பயமும் சோர்வும் வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். 'ஒரே டோஸில் குணம்' என்ற தலைப்புச் செய்திகள் பிறந்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

2021-இல் அதே இம்பீரியல் குழு ஒரு நேர்மையான காரியம் செய்தது. 59 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சைலோசைபின் இரண்டு தடவையும், மறு பாதிக்கு நம்மூர் மருந்துக்கடையிலும் கிடைக்கும் மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிடலோபிராமை ஆறு வாரம் தினமும் கொடுத்துப் பார்த்தது. முக்கிய அளவுகோலில் சைலோசைபின் குழுவுக்கு 8 புள்ளி குறைந்தது, மற்றதற்கு 6. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் போதாது. துணை அளவுகோல்களில் காளான் பக்கம் சாய்வு தெரிந்தது உண்மை. நோய் அடங்கியவர்கள் சைலோசைபின் குழுவில் 57 சதவீதம், மற்றதில் 28. இருந்தாலும் முதலில் சொல்லிவைத்த அளவுகோலில் ஜெயிக்காமல் துணை அளவுகோலைக் காட்டிக் கைதட்டல் வாங்குவதை நான் ஏற்பதில்லை.

2022-இல் வந்தது பெரிய ஆய்வு. காம்பஸ் பாத்வேஸ் நிறுவனம் 10 நாடுகளில் 233 பேரிடம் நடத்தியது. எல்லாரும் குறைந்தது இரண்டு மருந்துக்குச் சரியாகாதவர்கள், அதாவது உங்கள் அண்ணன் மாதிரி. மூன்று குழு: 25 மில்லிகிராம், 10 மில்லிகிராம், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் 1 மில்லிகிராம். மனச்சோர்வை அளக்கும் மாண்ட்கோமரி-ஆஸ்பெர்க் அளவுகோலில் அதிகபட்சம் 60 புள்ளி. மூன்றாவது வாரத்தில் 25 மில்லிகிராம் குழுவுக்கு 12 புள்ளி இறங்கியது, 1 மில்லிகிராம் குழுவுக்கு 5.4. வித்தியாசம் 6.6. நோய் அடங்கியவர்கள் 29 சதவீதம், 1 மில்லிகிராம் குழுவில் 8 சதவீதம். பலன் 12 வாரம்வரை நீடித்ததோ ஐந்தில் ஒருவருக்குத்தான். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 104 பேரிடம் நடந்த ஆய்வில் வித்தியாசம் 12 புள்ளிக்கு மேல் வந்தது. ஆனால் 'மருந்துக்கு மசியாதவர்கள்' என்ற நிபந்தனை அதில் இல்லை. அதனால் அண்ணனுக்கு அந்த எண்ணைப் பொருத்திப் பார்க்க முடியாது. 2025 ஜூனில், காம்பஸின் மூன்றாம் கட்ட ஆய்வின் முதல் முடிவு வந்தது. 258 பேர், ஒரே டோஸ், எதிரே வெறும் போலி மருந்து, அதாவது மருந்தே இல்லாத மாத்திரை. ஆறாவது வாரத்தில் வித்தியாசம் 3.6 புள்ளி.

மருந்துக்கு மசியாதவர்களிடம் முதலில் 'அற்புதம்', அப்புறம் 6.6, அப்புறம் 3.6. ஆய்வு பெரிதாகவும் இறுக்கமாகவும் ஆக ஆக எண் இறங்குகிறது. ஆனால் பூஜ்யத்துக்குப் போகவில்லை, இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நாம் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரைகளும் போலி மருந்தைவிடச் சராசரியாக 2 புள்ளி அளவில்தான் முந்துகின்றன, அதுவும் வேறொரு அளவுகோலில். ஏற்கெனவே மருந்துகள் கைவிட்டவர்களிடம், ஒரே ஒரு வேளை கொடுத்ததில், ஆறு வாரம் கழித்தும் 3.6 என்றால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு நல்ல மருந்தாக வரக்கூடும். அதிசய மருந்து என்ற பேச்சுதான் பொய்.

சரி, இந்த எண்களையாவது அப்படியே நம்பலாமா? ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. மருந்து ஆய்வின் அடிப்படை விதி, யாருக்கு எது போனது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது. இந்த மருந்தில் அது நடக்கிற காரியமா? பச்சை மிளகாயைக் கொடுத்துவிட்டு, தின்றது மிளகாயா வெள்ளரியா என்று கண்டுபிடிக்கக் கூடாது என்பது போலத்தான். குடிப்பழக்கத்துக்குச் சைலோசைபின் சோதித்த 2022-ஆம் ஆண்டு ஆய்வில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எதிர்க்குழுவுக்குத் தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்குக் கிடைத்தது எது என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். அதிகம் குடிக்கும் நாட்கள் சைலோசைபின் குழுவில் 9.7 சதவீதமாகவும் எதிர்க்குழுவில் 23.6 சதவீதமாகவும் இருந்தன. இந்த வித்தியாசத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, 'எனக்கு அந்த அதிசய மருந்து கிடைத்துவிட்டது' என்ற நம்பிக்கையின் பங்கு எவ்வளவு? இன்னொரு பக்கமும் இருக்கிறது. பல வருட வேதனையோடு, பேப்பரில் படித்துவிட்டு ஆசையாக ஆய்வில் சேர்ந்தவர், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் ஒன்றும் நடக்காதபோது எவ்வளவு உடைந்துபோவார்? எதிர்க்குழுவின் எண் அந்த ஏமாற்றத்தாலேயே மோசமாகிவிடலாம். 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துத் துறை எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கு ஒப்புதல் மறுத்தபோது எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று. சைலோசைபினுக்கும் 2025 முடியும்வரை அங்கே ஒப்புதல் இல்லை.

யூடியூபில் அதிகம் காட்டாத விஷயம், இந்த ஆய்வுகளில் எதுவும் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை என்பது. முதலில் ஆளை வடிகட்டுவார்கள். மனச்சிதைவோ, சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ இருந்தால் சேர்க்க மாட்டார்கள். நெருங்கிய ரத்த உறவில் இருந்தாலும் பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். பழைய மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையில் மெதுவாக நிறுத்துவார்கள். ஆயத்தத்துக்குச் சில அமர்வுகள். மருந்து கொடுக்கும் நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு இசை கேட்க வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், பல ஆய்வுகளில் இருவர். மறுநாளிலிருந்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் பேசிப் புரிந்துகொள்ள மறுபடி அமர்வுகள். அப்படியிருந்தும் 233 பேர் ஆய்வில் 77 சதவீதம் பேருக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று ஏதோ ஒரு பக்கவிளைவு வந்தது. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ மூன்று குழுவிலும் சிலரிடம் காணப்பட்டது. தற்கொலை சார்ந்த செயலில் இறங்கிய மூவரும் 25 மில்லிகிராம் குழுவைச் சேர்ந்தவர்கள். கூடவே ஆள் இருந்த இடத்திலேயே நிலைமை இது.

மூளையில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆதாரத்தின் பெரும்பங்கு எலிகளிடமிருந்து வருவது. ஒரு டோஸ் சைலோசைபின் கொடுத்த எலிகளின் மூளையில், நரம்புகள் ஒன்றோடொன்று இணையும் இடங்களான நரம்பு முட்கள் சுமார் 10 சதவீதம் அதிகரித்து, ஒரு மாதம் கழித்தும் ஒரு பகுதி நிலைத்திருந்ததாக 2021-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். நீண்டகால மனச்சோர்வில் நரம்பு இணைப்புகள் சுருங்குகின்றன என்ற கருத்தோடு இது பொருந்துகிறது. மனிதர்களை ஸ்கேன் செய்து பார்த்தால், தன்னைப் பற்றியே சுற்றிச்சுற்றி யோசிக்கும்போது இயங்கும் வலைப்பின்னல் மருந்தின்போது கலைந்துபோவது தெரிகிறது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று ஒரே தடத்தில் ஓடும் எண்ணம் கொஞ்ச நாளுக்கு அந்தத் தடத்தை விட்டு இறங்குகிறது என்று நோயாளிகள் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த சண்டை, மாயக்காட்சிகள் சிகிச்சைக்குத் தேவையா அல்லது வெறும் பக்கவிளைவா என்பது. கலிபோர்னியாவில் டேவிட் ஓல்சன் குழு, ஆப்பிரிக்காவின் இபோகா செடியில் இருக்கும் இபோகெயினைத் திருத்தி, மாயத்தோற்றம் தராது என்று கருதப்படும் ஒரு மூலக்கூறை உருவாக்கியது. எலிகளிடம் அது மனச்சோர்வு மருந்துபோல வேலை செய்தது. இது மனிதர்களிடமும் பலித்தால் இரண்டு உதவியாளர், எட்டு மணி நேரம் எதுவும் தேவைப்படாது. ஆனால் எலி தன் வாழ்க்கையை நினைத்து அழுததா என்று யாருக்குத் தெரியும்? கிரிஃபித்ஸ் குழுவின் ஆய்வுகளிலோ, ஆழமான அனுபவம் கிடைத்தவர்களுக்கே பலன் அதிகம் என்று வந்தது. இரண்டு பக்கமும் நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை.

டிரிப்டமைன் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களைப் பற்றியும் நாலு வரி. அயவாஸ்காவில் டி.எம்.டி. தரும் இலையோடு ஒரு கொடியையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். டி.எம்.டி.யை மட்டும் குடித்தால் குடலும் கல்லீரலும் உடனே சிதைத்துவிடும். கொடியில் இருக்கும் பொருள் அந்தச் சிதைவைத் தடுக்கிறது. அமேசான் பழங்குடிகள் இதை எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ! பிரேசிலின் நத்தால் நகரில் 29 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரே வேளை அயவாஸ்கா ஒரு வாரத்துக்குள் மனச்சோர்வைக் குறைத்தது. ஆனால் அதே கொடிதான் ஆபத்தும். எஸ்சிடலோபிராம் வகை மாத்திரை சாப்பிடுபவர் அயவாஸ்கா குடித்தால் செரோடோனின் அளவுமீறி, காய்ச்சலும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சொனோரா பாலைவனத் தேரையின் சுரப்பில் இருக்கும் 5-மீத்தாக்சி-டி.எம்.டி.யைச் செயற்கையாகத் தயாரித்து மூக்கு வழியாகவும் மூச்சு வழியாகவும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அனுபவம் எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் நிறுவனங்களுக்கு இதன்மேல் ஆசை. இபோகெயின் இதயத் துடிப்பைக் குலைத்துச் சிலரைக் கொன்றும் இருக்கிறது, அது மருத்துவமனை கண்காணிப்பு இல்லாமல் நினைத்தே பார்க்கக் கூடாத பொருள்.

எங்கே சட்டப்படி கிடைக்கிறது என்றால், ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் எழுதிக்கொடுக்கலாம். செலவு பத்தாயிரக்கணக்கான ஆஸ்திரேலிய டாலர். சுவிட்சர்லாந்தில் நோயாளிக்கு நோயாளி தனித்தனி அனுமதி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உரிமம் பெற்ற மையங்கள் இருக்கின்றன, ஆனால் அவை மருத்துவமனைகள் இல்லை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் சைலோசைபின், டி.எம்.டி. இரண்டும் உண்டு. காளான் என்பது இயற்கையாக முளைப்பது, அதையே பட்டியலில் உள்ள பொருளாகக் கருத முடியாது என்று 2025 தொடக்கத்தில் ஒரு ஜாமீன் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டி 'சட்டப்படி தப்பில்லை' என்று சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள். கொடைக்கானலில் போதைக் காளானுக்காக ஆட்களைக் கைது செய்வது அடிக்கடி செய்தியில் வருகிறது.

நாளைக்கே இந்தியாவில் அனுமதி கிடைத்தாலும் நடைமுறைக் கேள்வி ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான். ஒரு நோயாளிக்காக ஒரு நாள் முழுக்க ஆட்களை உட்காரவைக்கும் சிகிச்சை அரசு மருத்துவமனை வரிசைக்கு எப்படி வரும்? அதனால்தான் குறைந்த நேரம் எடுக்கும் மருந்துகளை நான் ஆர்வமாகக் கவனிக்கிறேன்.

இப்போது கொடைக்கானல். காளானுக்குக் காளான் சத்து மாறும். 25 மில்லிகிராம் என்று அளந்து தர அங்கே ஆள் இல்லை. காட்டில் பறிப்பவர் கல்லீரலை அழிக்கும் விஷக் காளானைத் தவறுதலாகப் பறித்துவிட்டால் தெரிந்துகொள்ளவே பல மணி நேரம் ஆகும். இருதுருவ மனநோய் மனச்சோர்வாக முகம் காட்டுவது சகஜம், மூன்று மாத்திரைக்கும் சரியாகாததற்கே அது காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு இந்தக் காளான் பித்துநிலையைக் கிளப்பிவிடக்கூடும். காளானுக்காகப் பழைய மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே தனியாக ஆளைக் கீழே தள்ளும்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: மூன்று மருந்தையும் போதுமான அளவில் ஆறு முதல் எட்டு வாரமாவது கொடுத்தார்களா? தைராய்டு பார்த்தார்களா? இருதுருவ மனநோயா என்று குடும்ப வரலாற்றை விசாரித்தார்களா? லித்தியம் போன்ற துணை மருந்து சேர்க்கலாமா? பேச்சுச் சிகிச்சை ஒழுங்காக நடந்ததா? இவற்றுக்கும் மசியாத கடும் சோர்வுக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்அதிர்வு சிகிச்சை இன்றைக்கும் மிக வலுவான ஒன்று. சினிமா அதன் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இடையில் தற்கொலை எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். 14416 அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. அண்ணன் ஏற்கெனவே காளான் எடுத்துப் பார்த்திருந்தால், திட்டாமல், மருத்துவரிடம் அதைச் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர் யாரும் போலீசைக் கூப்பிடப் போவதில்லை. லித்தியம் சாப்பிடுபவர்கள் இந்த வகைப் பொருட்களை எடுத்தபோது வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள் இருக்கின்றன. லித்தியம் எழுதுவதற்கு முன்பே மருத்துவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.